ஜெல் நெயில் பாலிஷ்: அறிகுறியைப் பார்த்துப் பிழையைப் பிடிப்பது எப்படி

ஜெல் போட்ட நகத்தில் கோளாறு என்றால் முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும்: கோளாறு ஜெல்லிலா, நகத்திலா, தோலிலா? ஜெல் உரிவது, நுனி தெறிப்பது, பளபளப்பு மங்குவது எல்லாம் வேலைப்பாட்டில் நடந்த தப்பு. அவசரமில்லை, சரிசெய்துவிடலாம். நகம் மெலிவது, வெள்ளை பூப்பது, தூக்கிக்கொள்வது நகத்துக்கே நேர்ந்த சேதம். அதற்கு மாதக்கணக்கில் பொறுமை வேண்டும். அரிப்பு, சிவப்பு, கொப்பளம் என்றால் தோல் பேசுகிறது. அன்றைக்கே நிறுத்த வேண்டும். மூன்றையும் ஒன்றாகப் போட்டு "எனக்கு ஜெல் ஒத்துக்கலை" என்று சொல்லிவிடுவதால்தான் சரிசெய்யக்கூடியது சரியாகாமலும், நிறுத்த வேண்டியது நிற்காமலும் போகிறது.

கண்ணுக்குத் தெரிகிற நகம் உயிரில்லாத கெரட்டின். கை நகத்தின் கனம் சுமார் அரை மில்லிமீட்டர். அதற்குள் மெல்லிய அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாக வெங்காயச் சருகு போல ஒட்டிக்கொண்டிருக்கின்றன. மேலிருந்து சில அடுக்கு பெயர்ந்தால் அது திரும்ப ஒட்டாது. மாதத்துக்கு ஏறக்குறைய 3 மி.மீ. வளர்ந்து, அடியிலிருந்து புதிது வந்துதான் பழையதைத் தள்ள வேண்டும். கை நகம் முழுதும் மாற நான்கு முதல் ஆறு மாதம், கால் கட்டைவிரலுக்கு ஒரு வருடத்துக்கும் மேல். நகத்தை "ரிப்பேர்" செய்வதாகச் சொல்லும் எந்த சீரமும் இந்தக் கணக்கை மாற்றாது.

முதல் சோதனை: உரிந்த துண்டைத் திருப்பிப் பாருங்கள்

ஜெல் துண்டு கழன்று விழுந்தால் எறிந்துவிடாதீர்கள். வெளிச்சத்தில் வைத்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். பிழையின் பாதி விடை அங்கேயே இருக்கிறது.

அடிப்பக்கம் வழவழப்பாகப் பளபளத்தால், அடிப்பூச்சான பேஸ் கோட் நகத்தில் ஒட்டவே இல்லை. நகத்தைத் தயார் செய்ததில் குறை. அடிப்பக்கத்தில் வெள்ளையாக, மாவு படிந்த மாதிரி, விரலால் தேய்த்தாலும் போகாத படலம் இருந்தால் அது உங்கள் நகத்தின் மேல் அடுக்கு. ஜெல் நன்றாக ஒட்டியிருந்தது, நகம்தான் பிளந்து வந்திருக்கிறது. அடியில் ஜெல் நகத்திலேயே இருக்க, கலரோ, மேல்பூச்சான டாப் கோட்டோ மட்டும் தகடாக வந்திருந்தால், பூச்சுகளுக்கு நடுவே பிழை: கலர் தடிமனாகப் போட்டதால் உள்ளே சரியாகக் காயவில்லை.

இரண்டு, மூன்று நாளிலேயே முழுசாகக் கழன்று வருகிறது

மும்பையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை இந்தப் புகார் அதிகம் வரும். காற்றில் ஈரம், கையில் வியர்வை, ரயிலில் வந்து நேராகப் பார்லர் நாற்காலியில் உட்கார்ந்ததும் வேலை ஆரம்பம். ஆனால் மழையின் மேல் பழியைப் போடும் முன் இவற்றைப் பாருங்கள்.

சாதாரண மெனிக்யூரில் கையைச் சோப்புத் தண்ணீரில் ஊறவைப்பார்கள். ஜெல்லுக்கு அது கூடாது. நகம் தண்ணீரை உறிஞ்சி உப்பும். அந்த நிலையில் ஜெல் போட்டால், பிறகு நகம் காய்ந்து பழைய வடிவத்துக்குத் திரும்பும்போது ஜெல் கூடவே சுருங்காது, ஓரம் தூக்கும். ஜெல்லுக்கு உலர் மெனிக்யூர்தான். பாத்திரம் தேய்த்து, குளித்து உடனே போயிருந்தால் குறைந்தது ஒரு மணி நேரம் விடுங்கள்.

அடுத்த காரணம், பெரும்பாலானோர் கவனிக்காதது: நகம் தொடங்கும் இடத்துத் தோலிலிருந்து வளர்ந்து நகத்தின் மேல் ஒட்டியிருக்கும் கண்ணாடி மாதிரியான படலம். வெளியே தெரியும் தோலைப் பின்னால் தள்ளினால் மட்டும் போதாது. நகத்தை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்த்தால் இந்தப் படலம் மங்கலாகத் தெரியும். இந்தப் படலத்தை இளக்கும் க்யூட்டிக்கிள் ரிமூவரை ஓரிரு நிமிடம் விட்டு, மரக்குச்சியால் மெதுவாகத் தேய்த்து எடுத்து, ரிமூவரை நன்றாகத் துடைக்க வேண்டும். உயிருள்ள தோலை வெட்டுவது வேறு விஷயம். அதை வெட்டவே கூடாது. நகச்சுத்தி வருவதற்கு அதுதான் வாசல்.

சரியான வரிசை இது. நகத்தை வடிவமைத்து, படலத்தை எடுத்து, 180 முதல் 240 கிரிட் (சொரசொரப்பின் அளவு) பஃபரால் பளபளப்பு மட்டும் போகும்படி ஒருமுறை தடவ வேண்டும். தேய்ப்பது அல்ல, தடவுவது. தூசைப் பிரஷால் தட்டி, பஞ்சு இழை விடாத துணியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை நனைத்து ஒவ்வொரு நகத்தையும் ஓரம் வரை துடைக்க வேண்டும். பிறகு டிஹைட்ரேட்டர். அது ஈரத்தைச் சற்று நேரத்துக்குத்தான் விரட்டும், மழைக்காலத்தில் அந்த நேரம் இன்னும் குறைவு. அதனால் பத்து விரலுக்கும் போட்டுவிட்டு அரட்டை அடிக்காமல், ஒரு கையை முடித்துவிட்டு அடுத்த கைக்குப் போகலாம். இதற்கப்புறம் நகத்தின் மேல் விரல் படக்கூடாது. தலைமுடியை ஒதுக்கினாலோ, போனைத் தொட்டாலோ திரும்பத் துடைக்க வேண்டும். தேங்காய் எண்ணெய் தடவிய தலை என்றால் இது இரட்டிப்பு உண்மை.

பேஸ் கோட் முதல் துளியைப் பிரஷால் நகத்தில் அழுத்தித் தேய்த்து, அதன்மேல் மெல்லிய பூச்சு. தோலுக்கும் ஜெல்லுக்கும் நடுவே கிட்டத்தட்ட ஒரு மி.மீ. இடைவெளி விட வேண்டும். ஜெல் தோலில் ஏறிவிட்டால், ஜெல்லைக் காயவைக்கும் புற ஊதா விளக்குக்குள் போகும் முன் மரக்குச்சியால் எடுத்துவிட வேண்டும். தோலில் ஏறிக் காய்ந்த ஜெல், தோல் வளரும்போது தூக்கும், அந்த இடுக்கில் தண்ணீர் போகும். பச்சை நகமும் ஒவ்வாமையும் இங்கிருந்துதான் தொடங்குகின்றன. பார்லரில் ஒன்றே ஒன்றைத்தான் கவனிக்க முடியும் என்றால் இதைக் கவனியுங்கள்.

கட்டைவிரல் மட்டும் எப்போதும் முதலில் கழன்றால் காரணம் எளிது. கையை விரித்து விளக்குக்குள் வைக்கும்போது கட்டைவிரல் பக்கவாட்டில் சாய்ந்துகொள்கிறது, ஒளி நேராகப் படுவதில்லை. நான்கு விரலைக் காயவைத்த பிறகு இரண்டு கட்டைவிரலையும் சேர்த்துத் தனியாக வைக்கச் சொல்லுங்கள்.

நுனி மட்டும் தெறிக்கிறது

பேஸ், கலர், டாப் மூன்றையும் நகத்தின் நுனி விளிம்பில் ஒரு கோடு இழுத்து மூடவில்லை என்பதுதான் வழக்கமான காரணம். மூடியும் தெறித்தால், நகம் இயல்பாகவே வளையும் நகம், மேலே போட்ட ஜெல் விறைப்பானது. ரப்பர் பேஸ் கேளுங்கள், அது நகத்தோடு சேர்ந்து வளையும். நீளத்தைக் குறையுங்கள். டின் மூடி நெம்புவது, ஸ்டிக்கர் சுரண்டுவது, பூண்டு உரிப்பது எல்லாம் நகத்தால் செய்தால் எந்த ஜெல்லும் நிற்காது.

மேலே பிசுபிசுக்கிறது, சுருங்குகிறது, அமுக்கினால் பள்ளம் விழுகிறது

விளக்கிலிருந்து எடுத்ததும் மேலே மெல்லிய பிசுபிசுப்பு இருப்பது பல ஜெல்களில் இயல்பு. காற்றிலுள்ள ஆக்சிஜன் மேல்படலத்தைக் காயவிடாது. டாப் கோட்டில் இருந்தால் ஆல்கஹாலால் துடைத்ததும் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். துடைக்கும் விதத்தில் ஒரு விஷயம் இருக்கிறது. அந்தப் பிசுபிசுப்பில், ஜெல்லின் மூலப்பொருளான அக்ரிலேட் காயாமல் இருக்கிறது. ஒரே பஞ்சால் பத்து விரலையும் சுற்றிச் சுற்றித் துடைத்தால் அதைத் தோல் முழுக்கப் பூசுவதாக ஆகும். ஒவ்வொரு நகத்துக்கும் துணியின் புதுப் பக்கம், அடியிலிருந்து நுனியை நோக்கி ஒரே இழுப்பு.

துடைத்தும் மங்கலாக இருக்கிறது, நகத்தால் அமுக்கினால் தடம் விழுகிறது, கலர் பரப்பில் வரி வரியாகச் சுருக்கம் என்றால் உள்ளே காயவில்லை. கறுப்பு, அடர் நீலம், அழுத்தமான வெள்ளை ஆகியவற்றில் இது அடிக்கடி நடக்கும், ஏனென்றால் நிறமி ஒளியை மேலேயே தடுத்துவிடுகிறது. ஒரு தடிப்பான பூச்சுக்குப் பதில் மூன்று மெல்லிய பூச்சு, ஒவ்வொன்றும் தனியாக விளக்கில். மேலே இன்னொரு டாப் கோட் போட்டு மறைப்பது தீர்வே இல்லை. எடுத்துவிட்டு மறுபடி போட வேண்டும்.

விளக்கைப் பற்றிக் கொஞ்சம் விவரம் தேவை. ஜெல்லைக் காயவைப்பது விளக்கின் வாட் எண் அல்ல. ஜெல்லில் இருக்கும் ஒளி தொடக்கி (ஒளி பட்டதும் ஜெல் கெட்டியாவதைத் தொடங்கிவைக்கும் பொருள்) எந்த அலைநீளத்துக்கு ஏற்றதோ அது விளக்கிலிருந்து போதுமான அளவு வர வேண்டும். இன்றைய எல்.இ.டி. விளக்குகள் பெரும்பாலும் 365, 405 நானோமீட்டர் அளவில் ஒளி விடுகின்றன. 48 வாட் என்று பெட்டியில் அச்சிட்டிருக்கும் விளக்கு உண்மையில் அதில் பாதிகூடத் தராமல் இருக்கலாம். ஜெல் எந்த நிறுவனமோ அதே நிறுவனம் சொல்லும் விளக்கு, அவர்கள் சொல்லும் நொடிகள் என்பதே பாதுகாப்பான விதி. பொதுவாக எல்.இ.டி.யில் ஒரு பூச்சுக்கு 30 முதல் 60 நொடி. கிராஃபர்ட் மார்க்கெட்டிலோ இணையத்திலோ வாங்கிய செட்டில் வருகிற, ஒரு விரல் மட்டும் நுழையும் சின்ன டார்ச் விளக்கை நம்பி இரண்டு கையும் முடிப்பது வேண்டாம்.

விளக்கைச் சோதிக்க, உள்ளே ஒரு வெள்ளைத் தாளை வைத்து எரியவிட்டுத் தாளின் மேல் விழும் ஒளியைப் பாருங்கள். ஒளியை நேராகப் பார்க்காதீர்கள். ஒரு மூலை இருட்டாக இருந்தால் அங்கே எல்.இ.டி. மணி (சின்ன பல்பு) எரியவில்லை, அந்த விரல்தான் உங்களுக்கு எப்போதும் உரிகிற விரலாக இருக்கும். மணிகளின்மேல் ஜெல் தெறித்துக் காய்ந்திருந்தாலும் இதே கதை.

மேலே கெட்டியாகத் தெரிந்தாலும் உள்ளே அரைகுறையாகக் காய்ந்த ஜெல்லில் ஒன்றோடொன்று பிணையாத தனி மூலக்கூறுகள் மிச்சமிருக்கும். அழகு கெடுவது சின்ன விஷயம், இது ஒவ்வாமைக்கு வழி.

விளக்குக்குள் வைத்ததும் சுருக்கென்று சுடுகிறது

திரவ ஜெல் கெட்டியாகும் வினையே வெப்பம் விடும் வினை. பூச்சு தடிமனானால் ஒரே நேரத்தில் நிறைய வெப்பம் வரும். நகத்தை நீட்டவோ தடிமனாக்கவோ போடும் பில்டர் ஜெல்லில் இது அதிகம். சுட்டால் பல்லைக் கடித்துக்கொண்டு உட்காராதீர்கள். கையை வெளியே இழுத்து, சில நொடி விட்டு, மறுபடி வைக்கலாம். விளக்கில் குறைந்த வெப்ப முறை இருந்தால் அதைப் போடச் சொல்லுங்கள். இந்தச் சூட்டில் நகத்தடித் தசை வெந்து, பின்னால் நகம் தூக்கிக்கொள்வதுண்டு.

முன்பு சுடாத நகம் இப்போது மெல்லிய பூச்சுக்கே சுட்டால் அது எச்சரிக்கை. நகம் மெலிந்துவிட்டது. அன்றைக்கு ஜெல் போடாமல் எழுந்து வருவதுதான் சரி.

வெளிர் நிறம் மஞ்சளாகிவிட்டது

காரணத்தை நம் சமையலறைக்கு வெளியே தேட வேண்டியதில்லை. மஞ்சள் தூள் டாப் கோட்டில் இறங்கும். சாம்பார் சாதம் கையால் பிசைந்து சாப்பிட்ட மறுநாளே பேபி பிங்க் நகம் மாம்பழ நிறத்துக்கு வந்துவிடும். ஆல்கஹாலால் துடைத்துப் பாருங்கள். மீதி வெயில் பட்டால் ஓரளவு மங்கும், ஏனென்றால் மஞ்சளின் நிறம் ஒளியில் சிதையும். போகாவிட்டால் மேற்பரப்பை லேசாகப் பஃப் செய்து புது டாப் கோட் போடலாம். டாப் கோட் சரியாகக் காய்ந்திருந்தால் கறை குறைவாகத்தான் ஏறும். ஹேர் டையும் மருதாணியும் கறை போடும். ஜெல் போடாத வெறும் நகத்தில் மருதாணிக் கறை ஏறினால் அது நகம் வளர்ந்துதான் போகும், சுரண்டிப் போக்க வேண்டாம்.

ஜெல் எடுத்த பிறகு நகம் வெள்ளை வெள்ளையாக, மெலிசாக, வெந்நீர் பட்டால் எரிகிறது

நகம் கெடுவது ஜெல் மேலே இருக்கிற இரண்டு மூன்று வாரத்தில் அல்ல, பெரும்பாலும் அதை எடுக்கிற பதினைந்து நிமிடத்தில். ஓரம் தூக்கியதும் ரயிலில் உட்கார்ந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிய்ப்பது, பார்லரில் அவசரத்துக்கு உலோகக் கரண்டியால் சுரண்டுவது, ஜெல்லை அரைத்தெடுக்கும் மெஷினை நகம் வரை ஓட்டுவது: இம்மூன்றும்தான் காரணம்.

தோற்றத்தை வைத்து எது நடந்தது என்று சொல்லிவிடலாம். ஒழுங்கற்ற வெள்ளைத் திட்டுகள், தொட்டால் சொரசொரப்பு என்றால் பிய்த்தோ சுரண்டியோ அடுக்கு போயிருக்கிறது. நகத்தின் அடிப்பகுதியில், க்யூட்டிக்கிளை ஒட்டி, வளைவாக ஒரு சிவந்த கோடு, தொட்டால் வலி என்றால் மெஷின் முனை அங்கே பள்ளம் வெட்டியிருக்கிறது. அது நகத்தோடு வளர்ந்து நுனிக்கு வரும் வரை தெரியும், அந்த இடத்தில் நகம் ஒடியவும் கூடும். பரப்பு முழுதும் மாவு பூத்த மாதிரி லேசான வெள்ளை, வலி இல்லை என்றால் பாலிஷ் நீண்ட நாள் இருந்ததாலோ, அதைக் கரைக்கும் அசிட்டோனாலோ மேற்பரப்பு காய்ந்திருக்கிறது. எண்ணெய் தடவினாலே பெரும்பாலும் குறையும்.

சரியாக எடுக்கும் முறை: மருந்துக் கடையில் கிடைக்கும் பல ரிமூவர்களில் அசிட்டோன் இருக்காது, அவை ஜெல்லைக் கரைக்காது. சுத்த அசிட்டோன் என்று கேட்டு வாங்குங்கள், பத்து விரலுக்கும் 20, 30 மி.லி. போதும். அடுப்பும் விளக்கும் ஊதுபத்தியும் இல்லாத, ஜன்னல் திறந்த அறையில் உட்காருங்கள், அசிட்டோன் ஆவி சட்டென்று தீப்பிடிக்கும். பிளாஸ்டிக் கிண்ணம் வேண்டாம், உருகும். கண்ணாடியோ எவர்சில்வரோ எடுங்கள்.

180 கிரிட் ஃபைலால் டாப் கோட்டின் பளபளப்பை மட்டும் போக்குங்கள். இதைச் செய்யாவிட்டால் அசிட்டோன் உள்ளே இறங்காது, அரை மணி ஊறினாலும் அசையாது. நகத்தைச் சுற்றியுள்ள தோலில் வாசலின் தடவுங்கள். நகத்தளவுக்கே பஞ்சை வெட்டி நனைத்து வைத்து, அலுமினியம் ஃபாயிலால் இறுக்கிச் சுற்றி 10 முதல் 15 நிமிடம் விடுங்கள். குளிர்ந்த ஏ.சி. அறையில் மெதுவாகத்தான் கரையும். மேலே ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டால் உடம்புச் சூடே உதவும். அசிட்டோனைச் சூடுபடுத்தக் கூடாது. ஒவ்வொரு விரலாகத் திறந்து, பொரிந்து எழும்பிய ஜெல்லை மரக்குச்சியால் தள்ளுங்கள். தள்ளினால் வருவது வரட்டும், வராததற்கு மறுபடி சுற்றி ஐந்து நிமிடம். கடைசியில் நகத்தோடு ஒட்டிய மெல்லிய பேஸ் கோட் படலம் இருந்தால் அதை விட்டுவிட்டு மேலேயே புது ஜெல் போடலாம். அதையும் சுரண்டி எடுப்பதில்தான் நகம் போகிறது.

ஹார்ட் ஜெல் எனப்படும் வகை அசிட்டோனில் கரையாது, ஃபைல் செய்தே குறைக்க வேண்டும். அதனால் போடும்போதே எந்த வகை என்று கேட்டுப் போனில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

மும்பை பார்லரில் எடுப்பதானால் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. இந்தி தயக்கம் என்றால் இந்த இரண்டு வரி போதும்: "மஷீன் மத் சலாயியே, ஆசிடோன் மே பிகோகே நிகாலியே." மெஷின் வேண்டாம், ஊறவைத்து எடுங்கள். "ஸ்க்ரேப் மத் கீஜியே, ஃபிர் ஸே லபேட் தீஜியே." சுரண்டாதீர்கள், மறுபடி சுற்றுங்கள். நேரம் இல்லை என்று முகம் சுளித்தால் வேறு பார்லர் பாருங்கள்.

சேதமான நகத்துக்கு என்ன செய்வது? நுனியைக் கட்டையாக வெட்டுங்கள், நெம்புவிசை குறையும். தினம் இரண்டு முறை, குறிப்பாகக் கை கழுவிய பிறகு, ஜோஜோபா அல்லது பாதாம் எண்ணெய் ஒரு துளி; தேங்காய் எண்ணெய் இருந்தால் அதுவும் பரவாயில்லை. பாத்திரம் தேய்க்கும்போது கையுறை, உள்ளே பருத்தி உறை இருந்தால் இன்னும் நல்லது. நனைவதும் காய்வதும் மாறி மாறி நடப்பதுதான் அடுக்குகளைப் பிளக்கிறது. ஹார்ட்னர் வேண்டாம், சிலவற்றில் ஃபார்மல்டிஹைடு சேர்ந்திருக்கும், மெலிந்த நகத்தை மேலும் விறைக்க வைத்து ஒடிக்கும்.

நகத்துக்கு "மூச்சு விட" இடைவெளி தர வேண்டும் என்பது சரியான விளக்கம் அல்ல. நகத்துக்கு வேண்டியது அடியில் இருக்கும் ரத்தத்திலிருந்து வருகிறது. நல்ல நகத்துக்கு இடைவெளி கட்டாயமில்லை. சேதப்பட்ட நகத்துக்கு, சேதம் வளர்ந்து வெளியேறும் வரை இடைவெளி கட்டாயம்.

பயோட்டின் மாத்திரை பற்றியும் கேட்பார்கள். பயோட்டின் குறைபாடு அரிது, குறைபாடு இல்லாதவருக்கு அதனால் பலன் என்பதற்கு ஆதாரம் பலவீனமானது. அதிக அளவு பயோட்டின் தைராய்டு, டிரோப்போனின் (மாரடைப்பைக் கண்டறிவது) போன்ற ரத்தப் பரிசோதனைகளின் முடிவைத் தப்பாகக் காட்டும். இதைப் பற்றி அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. 2017-லும் 2019-லும் எச்சரித்தது. சாப்பிடுகிறீர்கள் என்றால் ரத்தம் கொடுக்கும் முன் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஜெல்லை நிறுத்தி மாதக்கணக்கானபின்னும் நகம் கரண்டி மாதிரிக் குழிந்தோ ஒடிந்தோ வந்தால் ஹீமோகுளோபினையும் தைராய்டையும் பார்க்க வேண்டும்.

நகம் நுனியிலிருந்து தூக்கி, அடியில் வெள்ளையாகத் தெரிகிறது

இளஞ்சிவப்பாக இருந்த பகுதி நுனியிலிருந்து உள்நோக்கி வெள்ளையாகிக்கொண்டே போனால் நகம் அடித்தசையை விட்டுப் பிரிகிறது. நீளமான நகம் நெம்பியது, விளக்குச் சூடு, ஒவ்வாமை, சோரியாசிஸ், தைராய்டு என்று காரணம் பல.

கை பரபரக்கும், ஆனாலும் குச்சி விட்டு அடியில் சுத்தம் செய்யாதீர்கள். ஒவ்வொரு முறை சுத்தம் செய்யும்போதும் பிளவு இன்னும் உள்ளே போகும். பிரிந்த பகுதியை முடிந்தவரை வெட்டிவிட்டு, உலர்வாக வையுங்கள், ஜெல் போட்டு மறைக்காதீர்கள். பிரிந்தது மறுபடி ஒட்டாது, புதிதாக வளரும் பகுதிதான் ஒட்டி வரும். ஒன்றுக்கு மேற்பட்ட விரல்களில் ஒரே நேரத்தில் தொடங்கினாலோ, ஜெல்லை நிறுத்தி இரண்டு மாதத்தில் முன்னேற்றம் தெரியாவிட்டாலோ தோல் மருத்துவரைப் பாருங்கள். பூஞ்சை என்று நீங்களாகவே முடிவு செய்து களிம்பு வாங்காதீர்கள். பூஞ்சையா என்பதை நகத் துணுக்கைப் பரிசோதித்துத்தான் சொல்ல முடியும்.

ஜெல் எடுத்ததும் அடியில் பச்சை

மழைக்காலத்தில், எப்போதும் தண்ணீரில் கை வைப்பவர்களுக்கு வரும். சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா விடும் நிறம் இது, பூஞ்சை அல்ல. தூக்கிய ஜெல்லின் கீழோ பிரிந்த நகத்தின் கீழோ ஈரம் தங்கினால் அது அங்கே குடியேறும். ஜெல்லை எடுத்து, பிரிந்த நகத்தை வெட்டி, உலர வைப்பதுதான் முதல் சிகிச்சை. வினிகர் கலந்த நீரில் நனைப்பதா, சொட்டு மருந்தா என்பதை மருத்துவர் சொல்லட்டும். பாக்டீரியா போன பிறகும் கறை நகத்தோடு வளர்ந்துதான் போகும், அதற்காகச் சுரண்ட வேண்டாம். கறை இருக்கும்போது மேலே ஜெல் போடுவது அறவே கூடாது. அந்த நகத்தில் பட்ட ஃபைல், பஃபர், மரக்குச்சி மூன்றையும் குப்பையில் போடுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் வீட்டு வைத்தியத்தில் நாள் கடத்தாமல் உடனே போக வேண்டும்.

நர்ஸ் வேலையில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: நோயாளியைத் தொடும் பணியில் செயற்கை நகம் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2009-ஆம் ஆண்டு கை சுகாதார வழிகாட்டுதல் சொல்கிறது.

நகத்தைச் சுற்றி அரிப்பு, சிவப்பு, சின்னக் கொப்பளம், தோல் உரிதல்

இந்தப் பட்டியலில் அலட்சியப்படுத்தவே கூடாதது இதுதான். ஜெல்லில் இருக்கும் அக்ரிலேட்டுகள், குறிப்பாக ஹெமா எனப்படும் ஹைட்ராக்சிஎத்தில் மெதாக்ரிலேட், தோலில் ஒவ்வாமையை உண்டாக்கும். ஒருமுறை உண்டானால் பொதுவாக ஆயுளுக்கும் இருக்கும். அமெரிக்கத் தொடுதோல் அழற்சி சங்கம் 2012-ல் அக்ரிலேட்டை அந்த ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக அறிவித்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2020-ல் கொண்டுவந்த விதிப்படி ஹெமா உள்ள நகப் பொருள்கள் தொழில்முறைப் பயன்பாட்டுக்கு மட்டுமே.

குழப்புவது என்னவென்றால் இது உடனே வராது. மாதக்கணக்கில், வருடக்கணக்கில் ஒன்றும் ஆகாமல் இருந்துவிட்டுத் திடீரென்று தொடங்கும். தொடங்கிய பிறகு ஒவ்வொரு முறையும் ஜெல் போட்டு ஒன்றிலிருந்து மூன்று நாளில் அரிக்கும். விரல் நுனி வெடித்து, பாத்திர சோப்பு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைக்க வைக்கும். சிலருக்கு விரலில் ஒன்றும் இருக்காது, கண் இமையும் கழுத்தும் மட்டும் சிவந்து வீங்கும், ஏனென்றால் நாள் முழுக்க அங்கே கை படுகிறது. இமை வீக்கத்துக்கு மையையும் கிரீமையும் மாற்றிக்கொண்டே இருப்பவர் நகத்தையும் யோசிக்க வேண்டும்.

செய்ய வேண்டியது: ஜெல், பில்டர், அக்ரிலிக், ஒட்டு நகத்துக்கான பசை எல்லாவற்றையும் நிறுத்துங்கள். இருப்பதை ஊறவைத்து எடுத்துவிடுங்கள். தோல் மருத்துவரிடம் ஜெல் போட்ட விவரத்தை நீங்களாகவே சொல்லுங்கள், பல நேரம் அவர்கள் பார்க்கும்போது நகம் வெறுமையாக இருக்கும். மும்பையில் சயான், பரேல் பக்கம் மாநகராட்சி மருத்துவமனைகளிலும் தோல் புறநோயாளிப் பிரிவு உண்டு. பேட்ச் சோதனை என்பது முதுகில் சிறு அளவு ஒட்டி, 48 மணி நேரத்தில் எடுத்து, அன்றும் அதற்கு ஓரிரு நாள் கழித்தும் பார்ப்பது. வீட்டில் ஜெல்லை மணிக்கட்டில் தடவிச் "சோதித்து" பார்ப்பது அது அல்ல. காயாத ஜெல்லைத் தோலில் வேண்டுமென்றே வைப்பதே புதிதாக ஒவ்வாமையை வரவழைக்கும்.

ஒவ்வாமை உறுதியானால் பல் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். பல் அடைப்புக்கும் ஒட்டுக்கும் பயன்படும் பொருள்களில் இதே குடும்பத்து அக்ரிலேட்டுகள் உண்டு, எலும்பு அறுவையில் பயன்படும் சிமெண்டிலும் உண்டு. பார்லரில் நகம் பளபளக்கப் போய் நாளைக்குப் பல் சிகிச்சையில் சிக்கல் வருவது யாருக்கும் வேண்டாம். "ஹெமா ஃப்ரீ" என்ற புட்டியை நம்பித் திரும்பத் தொடங்காதீர்கள். அதில் வேறு அக்ரிலேட் இருக்கும், உடம்பு ஒன்றை எதிர்க்கப் பழகிக்கொண்டால் அதன் உறவுகளையும் எதிர்க்கலாம். சாதாரண நெயில் பாலிஷ் வேறு வகை, பெரும்பாலானோருக்கு அது பிரச்சினை தராது.

வீட்டில் போட்டுக்கொள்பவர்களும் பார்லரில் வேலை செய்பவர்களும்தான் அதிக ஆபத்தில் இருக்கிறார்கள். மெல்லிய நைட்ரில் கையுறையைச் சில நிமிடத்திலேயே அக்ரிலேட் ஊடுருவும். ஜெல் பட்டதும் மாற்ற வேண்டும், ஒரே ஜோடியில் நாள் முழுக்க ஓட்டக்கூடாது. புட்டியின் கழுத்தில் வழிந்ததை விரலால் துடைக்காதீர்கள். இறக்குமதிப் பொருள் என்றால் லேபிளில் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, பதிவுச் சான்றிதழ் எண் இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றுமே இல்லாத, சேர்மானம் அச்சிடாத புட்டியை விலை குறைவு என்று வாங்க வேண்டாம். டி.பி.ஓ. (TPO) என்ற ஒளி தொடக்கியை ஐரோப்பிய ஒன்றியம் 2025 செப்டம்பர் 1 முதல் அழகுப் பொருள்களில் தடை செய்திருக்கிறது. விலங்குச் சோதனைகளில் இனப்பெருக்கப் பாதிப்பு தெரிந்ததே அதற்குக் காரணம். புதிதாக வாங்குபவர்கள் அது இல்லாததைத் தேர்ந்தெடுப்பது எளிது.

விரல் கறுத்துப் போகிறது

விளக்கின் புற ஊதா ஒளி தோலில் படுகிறது. விரல் நுனி வெட்டிய கையுறையே எளிய தீர்வு. 30-க்கு மேல் எஸ்.பி.எஃப். உள்ள சன்ஸ்கிரீனும் போடலாம், ஆனால் நகத்தில் பட்டால் ஜெல் ஒட்டாது, அதனால் கையுறையே மேல். பருவுக்கு டாக்ஸிசைக்ளின் சாப்பிடுகிறவர்கள் அந்த மருந்து முடியும் வரை ஜெல்லைத் தள்ளிப்போடலாம். அது தோலை ஒளிக்கு எளிதில் புண்படச் செய்யும்.

ஜெல்லுக்கு அடியில் கறுப்புக் கோடு

நம் நிறத்தவர்களுக்குப் பல நகங்களில் மெல்லிய பழுப்புக் கோடுகள் இருப்பது சகஜம். ஒரே ஒரு நகத்தில் புதிதாக வந்த கோடு, அகலமாகிக்கொண்டே போவது, க்யூட்டிக்கிள் தோலிலும் நிறம் பரவுவது என்றால் தள்ளிப்போடாமல் தோல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். நகத்தில் வரும் மெலனோமா என்ற புற்றுநோய் அரிதானது, ஆனால் சீக்கிரம் பார்த்தால்தான் சிகிச்சை எளிது. அடர் நிற ஜெல்லை இடைவெளியே இல்லாமல் போட்டுக்கொண்டே இருந்தால் இந்தக் கோடு கண்ணில் படாது. ஒவ்வொரு முறை எடுத்ததும், அடுத்த பேஸ் கோட்டுக்கு முன், பத்து நகத்தையும் பகல் வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து வையுங்கள்.

அறுவைச் சிகிச்சைக்குத் தேதி குறித்திருந்தால் ஜெல்லை முன்னாடியே எடுத்துவிடுங்கள். விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவியின் ஒளியை அடர் நிறம் மறைத்து அளவைத் தப்பாகக் காட்டலாம். அதோடு நகத்தின் நிறத்தை மருத்துவர்கள் நேரில் பார்க்கவும் வேண்டியிருக்கும். ஆபரேஷன் அன்று காலையில் ஆஸ்பத்திரி வார்டில் அசிட்டோனும் ஃபாயிலும் கிடைக்காது.